வளியும் கடலும் ஒரு கல்வியான வரலாறு

தமிழகத்துக் கடற்கரையில் வாழ்வோர் காற்றினை அது வரும் திசை நோக்கிப் பெயரிட்டு வழங்குவர். கிழக்கினின்று வருவது கொண்டல். மேற்கினின்று வருவது கோடை. வடக்கினின்று வருவது வாடை. தெற்கினின்று வருவது தென்றல். இப்பெயர்கள் பழந்தமிழ் நூல்களிலும் பயின்று வருவனவே. இவற்றுள் கொண்டல் என்னும் சொல் காற்றைக் குறிப்பதோடு மேகத்தையும் குறிக்கும். கடல் தரும் நீரையும் அதனைக் கொணரும் காற்றையும் ஒரு தொடர்பின் இரு கூறுகளாக முன்னோர் கண்டனர் என்பதற்கு இச்சொல் ஒரு குறிப்பாகும்.

ஆயினும் வளிமண்டலத்தையும் பெருங்கடலையும் ஒருங்கு வைத்துப் பல்கலைக்கழகத்தில் பயிலும் வழக்கம் மிக அண்மைக் காலத்தது. இன்று உலகின் பல பல்கலைக்கழகங்களில் வளிமண்டல, பெருங்கடல் அறிவியல் துறை என்னும் இணைப்பெயர் தாங்கிய துறைகள் உள்ளன. இவ்விணைப்பு எவ்வாறு நிகழ்ந்தது? அது பெயரளவில் அமைந்ததா, பொருளளவில் அமைந்ததா? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இந்திய நாட்டுப் பஞ்சங்களினின்று எழுந்த ஒரு வினாவின் வரலாற்றையே இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறோம்.

1. அரசுப் பணியிற் பிறந்த கலை

இந்தியாவில் வானிலை நோக்கும் முயற்சி பல்கலைக்கழகங்களுக்கு முற்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792இல் சென்னையில் நிறுவிய வானாய்வுக்கூடத்தில் 1796 முதலே வானிலைக் குறிப்புகள் எழுதப்பெற்றன. சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியதோ 1857இல். வங்கக் கடற் புயல்களைக் கப்பல்களின் நாட்குறிப்புகளைக் கொண்டு ஆராய்ந்து, சுழன்று வீசும் அப்புயல்களுக்குச் 'சைக்ளோன்' என்னும் பெயரை 1848இல் நூலேற்றிய ஹென்றி பிடிங்டன் கல்லூரிப் பேராசிரியர் அல்லர். கப்பற்றலைவராய் இருந்து கல்கத்தாவில் தங்கியவர். எனவே இக்கலையை முதலில் வளர்த்தவை துறைமுகமும் அரசு அலுவலகமுமே என்பது தெளிவு.

1864ஆம் ஆண்டு அக்டோபரில் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கியது. 1866இல் ஒரிசாவைப் பஞ்சம் வாட்டியது. இவற்றின் பயனாக இந்திய வானிலை ஆராய்ச்சித் துறை 1875இல் நிறுவப்பெற்றது. நிலவியல் அறிஞராகிய ஹென்றி பிளான்போர்டு அதன் முதல் தலைவரானார். அவர் பொறுப்பேற்ற அடுத்த ஆண்டே தென்னாட்டில் பருவமழை பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் என்று தமிழ் மக்கள் இன்றும் நினைவு கூரும் கொடுமை அதுவே. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் பல இலட்சம் மக்கள் மாண்டனர்.

மழை பொய்க்கும் என்பதை முன்னரே அறிய இயலுமா என்னும் வினா இப்பஞ்சத்தின் பின்னர் அரசின் முன் நின்றது. இமயமலையில் பனி மிகுதியாகப் பெய்த ஆண்டுகளில் பருவமழை குன்றுகிறது எனப் பிளான்போர்டு கருதினார். அக்கருத்தை 1884இல் வெளியிட்டு, அதனைக் கொண்டு மழை முன்னறிவிப்புகளும் செய்தார். அவருக்குப் பின் வந்த ஜான் எலியட் அம்முறையை விரித்தார். ஆனால் 1899இல் முன்னறிவிப்புப் பொய்த்தது; மழையும் பொய்த்தது; நாடு மீண்டும் பஞ்சத்திற்கு ஆளாயிற்று. வினா விடையின்றியே நின்றது.

2. வாக்கர் கண்டதும் காணாததும்

1904இல் இத்துறையின் தலைமையை ஏற்ற கில்பர்ட் வாக்கர் கேம்பிரிட்ஜில் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றவர். எறிந்தவரிடமே திரும்பும் வளைதடியின் இயக்கத்தைக் கணிதத்தால் ஆராய்ந்து புகழடைந்தவர். வானிலையை அவர் முறையாகப் பயின்றவரல்லர். அந்நாளில் அதனைப் பயிலத்தக்க பல்கலைக்கழகத் துறைகளும் அரியவாயிருந்தன. மழையின் காரணத்தை விளக்கும் கொள்கை எதுவும் தமக்குத் துணைசெய்யாமை கண்ட வாக்கர், உலகின் பல இடங்களிலும் பதிவான காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றின் எண்களைத் திரட்டி, ஒன்றன் ஏற்றத்தாழ்வு மற்றொன்றன் ஏற்றத்தாழ்வோடு எத்துணை ஒத்துச் செல்கிறது எனக் கணிக்கலானார். கணிப்பொறி இல்லாத காலம் அது. அலுவலகத்து இந்திய எழுத்தர்கள் ஆண்டுக்கணக்கில் கையாற் கணக்கிட்டனர். அவர்தம் உழைப்பு இவ்வறிவியலின் வரலாற்றில் உரிய இடம் பெறவில்லை என்பது எம் கருத்து.

இவ்வுழைப்பின் பயனாக ஒரு பேருண்மை புலப்பட்டது. பசிபிக் பெருங்கடற் பகுதியில் காற்றழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடற் பகுதியில் தாழ்கிறது. அங்குத் தாழும்போது இங்கு உயர்கிறது. துலாக்கோலின் இரு தட்டுகள் போல அமைந்த இவ்வேற்றத்தாழ்வுக்கு 1924இல் வாக்கர் 'தெற்கத்திய அலைவு' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். இந்தியப் பருவமழையும் இவ்வலைவோடு தொடர்புடையதெனக் கண்டார். ஆயினும் அத்துலாக்கோலை அசைப்பது எது என்பதை அவரால் காட்ட இயலவில்லை. காரணம் அறியப்படாத தொடர்பாதலின் அறிஞர் பலர் அதனை ஐயுற்றனர்.

அதே 1924இல் வாக்கர் இந்தியாவை விட்டு நீங்கி, இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் வானிலையியற் பேராசிரியரானார். அவருக்கு முன்னர் அவ்விருக்கையில் இருந்தவர் நேப்பியர் ஷா. வானிலையியல் அலுவலகத்தினின்று கல்லூரிக்குப் பெயர்ந்து கொண்டிருந்த காலம் அது என்பதற்கு இச்செய்தி நல்லதோர் அடையாளமாகும்.

3. நார்வே அறிஞர் வகுத்த நெறி

வானிலையைப் பல்கலைக்கழகக் கல்வியாக்கியதில் நார்வே நாட்டு வில்லெம் பியர்க்னஸுக்குப் பெரும்பங்கு உண்டு. வானிலையை முன்னறிதல் இயற்பியற் கணக்கு ஒன்றைத் தீர்ப்பதே ஆகும் என 1904இல் அவர் எழுதினார். காற்றின் வேகத்தை மூன்று திசைக் கூறுகளாகப் பிரித்து, அவற்றோடு அழுத்தம், அடர்த்தி, வெப்பம், ஈரம் ஆகியவற்றைக் கூட்டினால் ஏழு அளவைகள் ஆகும். இவ்வேழினையும் இன்று அறிந்து, இயக்கவிதிகளையும் வெப்பவிதிகளையும் பொருத்தினால் நாளைய நிலையைக் கணிக்கலாம் என்பது அவர் கொள்கை. வாக்கரின் நெறி எண்களினின்று தொடர்பை நாடியது. பியர்க்னஸின் நெறி விதிகளினின்று விளைவை நாடியது. இரண்டும் பின்னாளில் சந்திக்க வேண்டியவையாய் இருந்தன.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. பியர்க்னஸின் விதிகள் காற்றுக்கு மட்டும் உரியவையல்ல. சுழலும் உலகின்மேல் இயங்கும் பாய்பொருள் எதற்கும் அவை பொருந்தும், நீரும் பாய்பொருளே. நான்சென் என்னும் நார்வே ஆய்வாளர் 1893 முதல் 1896 வரை வடதுருவக் கடலில் பனிக்கட்டிகளிடையே கப்பலிற் சென்றபோது, மிதக்கும் பனி காற்று வீசும் திசையில் நேராகச் செல்லாது வலப்புறமாக விலகிச் செல்வதைக் கண்டார். அதன் காரணத்தை ஆராய வில்லெம் பியர்க்னஸ் தம் மாணவர் எக்மனைக் காட்டினார். உலகின் சுழற்சியே காரணம் என எக்மன் கணிதத்தால் நிறுவினார். காற்று கடலை எவ்வாறு இயக்குகிறது என்னும் பாடத்தின் முதற்பகுதி இவ்வாறு எழுதப்பட்டது. வளியியலும் கடலியலும் ஒரே ஆசிரியரிடத்துப் பயிலப்படலாம் என்பதும் இதனால் விளங்கிற்று.

1913இல் லைப்சிக் நகரில் புவி இயற்பியல் நிலையத்தின் தலைவரான பியர்க்னஸ் 1917இல் பெர்கன் நகருக்கு வந்தார். அங்கு அவர் மகன் யாக்கோப் பியர்க்னஸ் முதலிய இளைஞர்கள், வெப்பக் காற்றும் குளிர்காற்றும் எதிர்ப்படும் எல்லைகளில் புயல்கள் பிறந்து வளரும் முறையைக் கண்டனர். லைப்சிக்கில் அவருக்குத் துணையாயிருந்த ஹரால்டு ஸ்வர்ட்ரூப் 1936இல் அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஸ்கிரிப்ஸ் கடலாராய்ச்சி நிலையத்தின் தலைவரானார். ஓராசிரியரின் மாணவர் ஒருவர் கடலுக்கும் மற்றொருவர் வளிக்கும் தலைவராயினர்.

யாக்கோப் பியர்க்னஸ் 1939இல் அமெரிக்கா சென்றிருந்தார். 1940 ஏப்ரலில் ஜெர்மானியப் படை நார்வேயிற் புகுந்தமையால் அங்கேயே தங்கினார். அவ்வாண்டிலேயே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் வானிலையியற் கல்வியைத் தொடங்கினார். ஹோல்ம்போ அவருக்குத் துணைநின்றார். இரண்டாம் உலகப்போர் இக்கல்விக்கு விரைவூட்டியது. போர் விமானங்களுக்கு வானிலை அறிந்த அலுவலர் வேண்டியிருந்தமையின் ஐந்து அமெரிக்கக் கல்வி நிலையங்கள் அவர்களைப் பயிற்றின. லாஸ் ஏஞ்சல்ஸ் அவ்வைந்தனுள் ஒன்று. படைகள் கரையிறங்கும் இடத்து அலையின் உயரத்தை முன்னறியும் முறையை ஸ்வர்ட்ரூப்பும் மங்க் என்பாரும் வகுத்தனர். போர் முடிந்தபின் 1946இல் லாஸ் ஏஞ்சல்ஸில் முனைவர் பட்டம் பெற்ற சார்னி, வேறு அறிஞர்களோடு கூடி 1950இல் மின்கணிப்பொறியால் வானிலையைக் கணித்துக் காட்டினார். 1904இல் எழுதப்பெற்ற கனவு அவ்வாறு நனவாகத் தொடங்கியது.

4. வினாவுக்கு வந்த விடை

இனி, வாக்கர் விட்டுச்சென்ற வினாவுக்கு வருவோம். தென்னமெரிக்காவின் பெரு நாட்டுக் கடற்கரையில் கடல்நீர் இயல்பாகக் குளிர்ந்திருக்கும். ஆழத்து நீர் மேலெழுவதே இதற்குக் காரணம். அந்நீரில் மீன்வளம் மிகுதி. சில ஆண்டுகளில் கிறித்து பிறந்த நாளையொட்டி அந்நீர் வெம்மையுறும், மீன்கள் மறையும். அந்நாட்டு மீனவர் அதற்குக் குழந்தை இயேசுவைக் குறிக்கும் 'எல் நினோ' என்னும் பெயர் வைத்தனர். அது பெருவின் கரைக்கு மட்டும் உரிய செய்தி என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது.

சூரை மீன்பிடிப்பு பற்றி ஆராயும் ஓர் ஆணையத்தின் பொருட்டு யாக்கோப் பியர்க்னஸ் எல் நினோவை ஆராயத் தொடங்கினார். 1957-58ஆம் ஆண்டுகளில் பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டின் பொருட்டு உலகெங்கும் நோக்குகள் நிகழ்ந்தபோது ஓர் எல் நினோவும் நிகழ்ந்தது. வெம்மை பெருவின் கரையோடு நில்லாது, பசிபிக்கின் நடுவரையிலும் பரவியிருந்ததை அந்நோக்குகள் காட்டின. நடுக்கடலிலுள்ள கான்டன் தீவின் கடல்வெப்ப, மழைப் பதிவுகளையும் கொண்டு அவர் 1969இல் வெளியிட்ட கட்டுரையே வாக்கரின் வினாவுக்கு விடையாயிற்று. அப்போது அவர் எழுபது வயது கடந்தவர்.

அவ்விடையின் சாரம் வருமாறு: இயல்பான ஆண்டுகளில் நிலநடுக்கோட்டுப் பசிபிக்கில் கீழைக்காற்று வீசுகிறது. அது வெப்பநீரை மேற்கே தள்ளி இந்தோனேசியாவின் அருகே குவிக்கிறது. அங்கே காற்று மேலெழுந்து மழை பொழிகிறது. கிழக்கே குளிர்ந்த நீரின்மேல் காற்று கீழிறங்குகிறது. மேற்கில் அழுத்தம் குறைவாகவும் கிழக்கில் மிகுதியாகவும் இருத்தலின் கீழைக்காற்று மேலும் வலுப்பெறுகிறது. ஏதோ ஒரு காரணத்தால் அக்காற்று தளருமாயின், குவிந்த வெப்பநீர் கிழக்கே பரவும். மழையும் உடன் பெயரும். அழுத்த வேறுபாடு குறையும். அதனாற் காற்று மேலும் தளரும். காற்றின் மாற்றத்திற்குக் கடலும், கடலின் மாற்றத்திற்குக் காற்றும் காரணமாகின்றன. வாக்கர் கண்ட துலாக்கோலும் பெரு நாட்டு மீனவர் கண்ட வெந்நீரும் ஒரே நிகழ்ச்சியின் இரு முகங்களே. இக்காற்றோட்டத்திற்கு வாக்கரின் பெயரையே பியர்க்னஸ் சூட்டியது அவர்தம் பெருந்தன்மையைக் காட்டும்.

தாது வருடப் பஞ்சத்தின் இடையே, 1877-78இல், மிக வலிய எல் நினோ நிகழ்ந்தமை இன்று அறியப்பட்டுள்ளது. பிளான்போர்டு இமயத்தின் பனியில் தேடிய காரணத்தின் பெரும்பகுதி பசிபிக்கின் நீரில் இருந்தது.

5. இரு தடைகளும் முடிவும்

1924க்கும் 1969க்கும் இடையே நாற்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தமைக்கு, வளியியலாரும் கடலியலாரும் வேறுவேறாய் நின்றமையே முழுக் காரணம் என்று கூறலாமோ எனின், அது மிகையாகும். நடுக்கடலின் வெப்பப் பதிவுகள் முன்னர்ப் போதிய அளவில் இல்லை என்பதையும் கருதல் வேண்டும். ஆயினும் பதிவுகள் கிடைத்தபோது அவற்றை இருபுறமும் நோக்க வல்லவர் ஒருவர் இருந்தமை தற்செயலன்று. காற்றுக்கும் நீருக்கும் ஒரே விதியைக் கற்பித்த மரபில் வந்தவர் அவர்.

அக்கண்டுபிடிப்பால் பருவமழையின் வினா முற்றும் தீர்ந்தது என்று கூறுவாரும் உளராயின் அதுவும் பொருந்தாது. 1997இல் மிக வலிய எல் நினோ நிகழ்ந்தும் இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை ஏறத்தாழ இயல்பாகவே பெய்தது. 2002இல் அத்துணை வலிமையற்ற எல் நினோவிலும் மழை இயல்பைவிட 19 விழுக்காடு குறைந்தது. இந்தியப் பெருங்கடலுக்கே உரிய மேற்கு-கிழக்கு வெப்ப அலைவொன்று உண்டென 1999இல் சாஜி, கோஸ்வாமி, விநயச்சந்திரன், யமகாட்டா ஆகியோர் வெளியிட்டனர். அவ்வாண்டிலேயே வேறொரு குழுவினரும் அதனைக் காட்டினர். கோஸ்வாமி அந்நாளில் பெங்களூர் இந்திய அறிவியல் நிலையத்தில் பணியாற்றியவர். 1982இல் அங்கு வளிமண்டல அறிவியலுக்கென நிறுவப்பெற்ற மையம் பின்னர்ப் பெருங்கடலையும் தன் பெயரில் ஏற்றது. லாஸ் ஏஞ்சல்ஸ் துறையும் அவ்வாறே பெயர் விரிந்தது. இருவிடத்தும் பொருள் முன் இணைந்தது. பெயர் பின் இணைந்தது.

எல் நினோ ஆண்டுகளில் நாட்டின் பெரும்பகுதியில் தென்மேற்குப் பருவமழை குன்றும் போக்குடையது. தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழையோ மிகும் போக்குடையது. வலிய எல் நினோ நிகழ்ந்த 2015ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியதை நாம் கண்டோம். ஒரே கடலின் மாற்றம் ஒரு நாட்டிலேயே ஒருபுறம் வறட்சியாகவும் மறுபுறம் வெள்ளமாகவும் முடியக்கூடும் எனின், கொண்டலைக் கடலினின்று பிரித்துப் பயிலல் ஆகாது என்பது போதரும். பஞ்சத்தில் மாண்டவர்களுக்கு இவ்வறிவு உதவவில்லை. இனி வரும் பருவங்களை எதிர்நோக்கி வாழும் உழவர்க்கும் மீனவர்க்கும் அது உதவ வேண்டுமாயின், அவ்விரண்டையும் ஒருங்கு கற்கும் மாணவர் நம் பல்கலைக்கழகங்களில் பெருகுதல் வேண்டும்.