மேல்கோட்டைப் பெயர்களும் எழுத்துக்கூட்டலும்

பழைய மைசூர் நாட்டில், வைணவ மரபு திருநாராயணபுரம் என்று போற்றும் மேல்கோட்டையையும் அதன் சுற்றூர்களையும் பூர்வீகமாகக் கொண்ட தமிழ் பேசும் ஐயங்கார் குடும்பங்களின் வரலாற்றை எழுத முனைபவர், ஒரே குடும்பம் மூன்று எழுத்துகளில் பல வடிவங்களில் பதிவாகியிருப்பதைக் காண்பார். வீட்டு வழக்கில் தமிழும், ஊர்க் காரியங்களிலும் அரசுக் கச்சேரிகளிலும் கன்னடமும், 19ஆம் நூற்றாண்டிலிருந்து பள்ளிப் பதிவேட்டிலும் உத்தியோகக் கோப்பிலும் ஆங்கிலமும் வழங்கியதால், பெயரை எழுதியவர் தம் காதில் விழுந்தபடியே கூட்டி எழுதினார்.

இக்குடும்பங்களில் தலைமுறை தோறும் மாறாமல் தொடரும் குடும்பப்பெயர் என்பது பொதுவழக்காக இருந்ததில்லை. ஊர்ப்பெயர் அல்லது வீட்டுப்பெயர், தந்தை பெயர், தன் பெயர் ஆகியவை அடுத்தடுத்து நிற்க, இறுதியில் ஐயங்கார், ஆச்சாரியார், ஆச்சார் ஆகியவற்றுள் ஒன்று ஒட்டிக்கொள்ளும். மேல்கோட்டையில் 1905இல் பிறந்த கன்னடக் கவிஞர் பு.தி.ந.வின் முழுப்பெயர் புரோகித திருநாராயண நரசிம்மாச்சார். இதில் முதற்சொல் குடும்பம் செய்த தொழிலையும், இரண்டாவது அத்தலத்துப் பெருமாளின் பெயரையும் சுமக்கின்றன. இறுதிச் சொல்லைக் குடும்பப்பெயராகக் கொள்ளும் அட்டவணை, இவரை இவருடைய உறவினரிடமிருந்தே பிரித்துவிடும்.

மாண்டியாவின் பெயரால் அமைந்த ‘மண்டயம்’ என்னும் அடைமொழியே இங்குக் குடும்பப்பெயருக்கு மிக நெருங்கியது. 1893இல் விவேகானந்தரின் அமெரிக்கப் பயணத்துக்கு நிதி திரட்டிய அளசிங்கப் பெருமாளும், பாரதியார் ஆசிரியப் பணி செய்த ‘இந்தியா’ இதழோடு இணைந்த ஸ்ரீநிவாஸாச்சாரியாரும், 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியை அமைத்தவர்களுள் ஒருவரான திருமலாச்சாரியாரும் இந்த அடைமொழிக்கு உரியவர்கள். மண்டயம், மண்டையம், மாண்டியம் எனத் தமிழிலேயே பலவாறாக எழுதப்படும் இது, பெரும்பாலும் ‘எம்’ என்ற ஒற்றை முதலெழுத்துக்குள் மறைந்துவிடுகிறது. திருமலாச்சாரியாரின் அடுத்த முதலெழுத்தைச் சில நூல்கள் பார்த்தசாரதி என்றும், வேறு சில பிரதிவாதி பயங்கரம் என்றும் விரிக்கின்றன. பின்னது வேறொரு வைணவக் குடும்ப மரபின் பட்டப்பெயர் என்பதால், விரிப்பில் நேரும் பிழை ஒருவரை அயல் வம்சத்தில் கொண்டு சேர்த்துவிடும். எழுத்துக்கூட்டல் வேறுபாட்டைவிட இதுவே பெரிய ஆபத்து.

ஒலியொப்புமையால் பெயர்களைத் தொகுக்கும் சவுண்டெக்ஸ் முறைக்கு ராபர்ட் ரஸ்ஸல் 1918இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். முதலெழுத்தை அப்படியே வைத்து, உயிரெழுத்துகளை நீக்கி, அடுத்து வரும் மெய்களை ஒலியினத்துக்கேற்ப மூன்று இலக்கங்களாக்குவது அதன் வழி. ஆங்கிலத்தில் மண்டயம் என்பதன் கூட்டல்கள் எல்லாம் ‘எம் 535’ என்றும், மேல்கோட்டை என்பதன் கூட்டல்கள் ‘எம் 423’ என்றும் நன்றாகவே ஒன்றுகூடுகின்றன. ஆனால் ஐயங்கார் என்பதை ‘ஐ’ எழுத்தில் தொடங்கினால் ‘ஐ 526’ என்றும், ‘ஏ’ எழுத்தில் தொடங்கினால் ‘ஏ 526’ என்றும் குறியீடு பிரிந்துவிடுகிறது. மாறாக, நரசிம்மன், நரசிம்மாச்சார் ஆகிய இரண்டும் ‘என் 625’ என்றே அமைவதால் தொடர்பற்றவர்கள் ஒரே தொகுதிக்குள் வருகின்றனர். ஆங்கிலக் குடும்பப்பெயர்களுக்கென வகுத்த கருவி இப்பெயர்களுக்குப் போதாது.

போர்த்துகீசியப் பெயர்களை ஆராய்வோரின் அனுபவம் இங்கு உதவும். 1911இல் போர்ச்சுகல் எழுத்துச்சீர்திருத்தம் செய்தபோது சௌசா என்ற பெயர் ‘எஸ்’ எழுத்தோடு நிலைபெற்றது. கோவாவிலோ பழைய ‘இசட்’ பரவலாகத் தொடர்கிறது. இலங்கையின் பெரேராவும் பெரெய்ராவிலிருந்து வந்ததே. எனவே அத்துறையில் ஒரு வடிவத்தைத் தலைப்பாகக் கொண்டு, ஆவணத்தில் கண்ட வடிவத்தை மாற்றாமல் அதன்கீழ்ப் பதிவது நல்ல நடைமுறையாகும். பழைய கையெழுத்தைத் திருத்தி எழுதுவது ஆவணத்தை அழிப்பதற்கு ஒப்பாகும்.

மேல்கோட்டைக் குடும்பங்களுக்கு இம்முறையைக் கைக்கொள்ளும்போது தலைப்பு ஊர்ப்பெயராகவோ வீட்டுப்பெயராகவோ இருப்பதே தகும். ஐயங்கார், ஆச்சார் போன்றவை தனி நிரலில் நிற்க, முதலெழுத்தின் விரிப்பு எந்த ஆவணத்தில் கிடைத்தது என்பதும், பெயர் முதலில் எழுதப்பட்டது தமிழிலா கன்னடத்திலா ஆங்கிலத்திலா என்பதும் உடன் குறிக்கப்பட வேண்டும். விரிப்புக்குச் சான்று இல்லாதபோது முதலெழுத்தை முதலெழுத்தாகவே விட்டுவைக்க வேண்டும்.