தொட்டியும் சுவரும் சேரும் இடம்: குளியல் தொட்டி நீர்க்காப்பின் வரலாறு

குளியல் தொட்டியின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் அதன் வடிவத்தையும் அழகையும், அதற்கு வெந்நீர் வந்து சேர்ந்த வழியையும் பற்றியே விரிவாகப் பேசியிருக்கிறார்கள். ஆனால் கட்டுமானத் தொழிலின் பார்வையில் மிகக் கடினமான கேள்வி, தொட்டி எதனால் ஆனது என்பதல்ல, அது சுவரையும் தரையையும் தொடும் இடத்தில் நீர் கசியாமல் எப்படித் தடுப்பது என்பதே. இரண்டு பொருட்கள் சந்திக்கும் இந்த மூட்டில்தான் ஏறத்தாழ எல்லாக் கசிவுகளும் தொடங்குகின்றன. இதற்குக் காலந்தோறும் காணப்பட்ட தீர்வுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், நீடித்து நின்றவற்றில் இரண்டு கருத்துகள் மீண்டும் மீண்டும் தென்படுகின்றன: மூட்டை அடைக்கும் பொருள் அசைவுக்கு இடம்கொடுக்க வேண்டும் என்பது ஒன்று, அந்த அடைப்பு தவறினாலும் நீரைத் தடுத்து வெளியேற்ற அதன் பின்னால் இன்னொரு காப்பு இருக்க வேண்டும் என்பது மற்றொன்று.

இவ்விரண்டுக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று சிந்து வெளியில் கிடைத்திருக்கிறது. மொகஞ்சதாரோவில் ஜான் மார்ஷல் தலைமையில் நடந்த அகழாய்வில் 1920-களில் வெளிப்பட்ட பெருங்குளம், ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் ஆழமும் கொண்டது. அதன் தரையும் உட்சுவரும் சுட்ட செங்கற்களை இடைவெளி தெரியாதபடி நெருக்கி அடுக்கி, ஜிப்சம் கலந்த சாந்தால் கட்டப்பட்டவை. அவ்வளவு நேர்த்தியான செங்கல் வேலையைக்கூடக் கட்டியவர்கள் முழுமையாக நம்பிவிடவில்லை. உட்சுவருக்குப் பின்னால் ஏறத்தாழ ஓர் அங்குலத் தடிமனில் நிலக்கீல், அதாவது இயற்கையில் கிடைக்கும் கரிய, பிசுபிசுப்பான தார் போன்ற பொருள், பூசப்பட்டது. அது சரிந்துவிடாமலிருக்க அதன் பின்னே மெல்லிய செங்கல் சுவர் ஒன்றும் எழுப்பப்பட்டது. செங்கல் சுவர் சற்றே இறங்கினாலும் விரிசல் கண்டாலும், இளகும் தன்மையுள்ள நிலக்கீல் அறுந்துபோகாமல் அதனுடன் நகர்ந்துகொடுத்திருக்கும். தென்மேற்கு மூலையிலிருந்த துளை வழியே வெளியேறிய நீர், ஆள் நடந்து செல்லும் உயரமுள்ள வடிகாலில் சேர்ந்தது.

உரோமானியர்கள் வேறொரு வழியை வளர்த்தெடுத்தார்கள். உடைந்த ஓடுகளையும் மண்பாண்டங்களையும் இடித்துச் சுண்ணாம்புடன் கலந்தபோது, நீருக்குள்ளும் இறுகும் உறுதியான காரை கிடைத்தது. சுட்ட களிமண்ணிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்புடன் வினைபுரிவதே இதற்குக் காரணம். செங்கல் தூளைச் சுண்ணாம்புடன் சேர்க்கும் சுர்க்கி முறையும் இதே வேதியியலைச் சார்ந்ததுதான். 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை அந்தக் கலவையால்தான் எழுந்தது. உரோமானியக் கொத்தர்கள் இந்தக் காரையைக் குளியல் தொட்டிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் பூசியபோது, தரையும் சுவரும் செங்குத்தாகச் சந்திக்கும் மூலையை அப்படியே விடாமல், கால்வட்ட வடிவில் புடைத்த காரைப்பட்டை ஒன்றை அதன் நீளம் முழுவதும் ஓட்டினார்கள். மூலையில்தான் பூச்சு மெலிந்து வெடிக்கும் என்பதால் அங்கே தடிமனைக் கூட்டிய இந்தப் பட்டை, அழுக்கு தேங்காமல் கழுவவும் வசதியாக இருந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் வெந்நீர் ஊற்றையொட்டி அவர்கள் அமைத்த 1.6 மீட்டர் ஆழமுள்ள பெரிய குளத்தில், காரைக்குப் பதிலாக 45 ஈயத் தகடுகள் விரிக்கப்பட்டன. வளைந்துகொடுக்கும் உலோகமான ஈயம் இன்றும் அங்கே கிடக்கிறது.

19-ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் குழாய் இணைப்புடன் கூடிய நிலையான தொட்டி மாடியறைக்கு ஏறியபோது, சிக்கலின் தன்மையே மாறியது. மண்மேல் கட்டிய குளத்தில் சிறு கசிவு பெரிதாகத் தெரியாது. ஆனால் மர உத்தரங்களின் மேல் பலகை பரப்பி, அடியில் சுண்ணாம்புப் பூச்சால் கூரை அமைத்த வீட்டில், கசிந்த நீர் கீழறையின் கூரையைப் பெயர்த்ததோடு உத்தரங்களையும் உளுத்துப்போகச் செய்தது. ஆகவே அக்காலத் தொழிலாளர்கள் தொட்டியின் அடியில், நான்கு பக்கமும் விளிம்பு மடித்த ஈயத் தட்டு ஒன்றைப் பரப்பி, அதிலிருந்து தனிக் குழாய் ஒன்றை வெளிச்சுவர் வழியே நீட்டிவிட்டார்கள். அந்தக் குழாயில் நீர் சொட்டினால், எங்கோ பழுது ஏற்பட்டிருப்பது வீட்டாருக்கு உடனே தெரிந்துவிடும். மொகஞ்சதாரோவின் நிலக்கீல் அடுக்கு சுவருக்குப் பின்னால் செய்த வேலையை, இந்தத் தட்டு தரைக்கு மேலே செய்தது.

அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில், தொட்டியைச் சுற்றி மரப்பலகை அடைப்பதைச் சுகாதாரச் சீர்திருத்தவாதிகள் எதிர்த்தார்கள். மறைவிடத்தில் ஈரமும் அழுக்கும் சேரும் என்பது அவர்களின் வாதம். அதன் விளைவாக, எனாமல் பூசிய வார்ப்பிரும்புத் தொட்டிகள் உருண்ட விளிம்போடும் நான்கு கால்களோடும் சுவரை விட்டு விலகித் தனியே நின்றன. சுவரைத் தொடாத தொட்டிக்கு அடைக்க வேண்டிய மூட்டே இல்லை. இந்த வசதி நெடுநாள் நிலைக்கவில்லை. சிறிய குளியலறைகளைக் கொண்ட வீடுகள் பெருகியபோது, மூன்று பக்கமும் சுவருக்குள் பொருந்தும் தொட்டிகள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பரவின. அந்நாளிலிருந்துதான் தொட்டி விளிம்புக்கும் ஓடு பதித்த சுவருக்கும் இடையிலான நீண்ட கோடு, வீட்டைப் பராமரிப்போரின் தீராக் கவலையானது.

முதலில் அந்தக் கோட்டை ஆளிவிதை எண்ணெயில் குழைத்த மக்காலும் வெண்சிமெண்டாலும் அடைத்தார்கள். உரோமானியரின் காரைப்பட்டையைப் போலவே, கால்வட்ட வடிவப் பீங்கான் துண்டுகளையும் மூட்டின் மேல் ஒட்டினார்கள். இவை எல்லாமே இறுகியபின் அசையாத பொருட்கள், தொட்டியோ அசையக்கூடியது. 150 லிட்டர் நீரும் 70 கிலோ எடையுள்ள ஒருவரும் சேரும்போது 220 கிலோ பாரம் தாங்கும் தொட்டி சற்றே தாழ்கிறது. காலியானதும் மீண்டும் உயர்கிறது. கனத்த வார்ப்பிரும்பில் மிகக் குறைவாக இருந்த இந்த அசைவு, மெல்லிய எஃகுத் தகட்டுத் தொட்டிகளிலும் பின்னர் வந்த அக்ரிலிக் தொட்டிகளிலும் கூடிவிட்டது. வெப்பமும் இதில் பங்கு கொள்கிறது: 1.7 மீட்டர் நீளமுள்ள வார்ப்பிரும்புத் தொட்டி முழுவதும் 20 டிகிரி செல்சியஸ் சூடேறினால் அரை மில்லிமீட்டர்கூட நீளாது. அதே அளவுள்ள அக்ரிலிக் தொட்டி 2 மில்லிமீட்டருக்கும் கூடுதலாக நீளும். வெண்சிமெண்டு மயிரிழையாகப் பிளக்க இதுவே போதும். அந்தப் பிளவு நீரை உள்ளே இழுத்துக்கொள்ளவும் செய்யும்.

இந்நிலையை மாற்றியது சிலிக்கோன் பசை. 1930-களில் அமெரிக்க ஆய்வகங்களில் தொடங்கிய சிலிக்கோன் ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக, 1943-இல் கார்னிங் கிளாஸ், டௌ கெமிக்கல் ஆகிய நிறுவனங்கள் இணைந்து டௌ கார்னிங்கை நிறுவின. பின்னாளில் வந்த குளியலறைப் பசை, காற்றிலுள்ள ஈரத்தை ஏற்று ரப்பராக மாறுவது; அப்போது சில வகைகளிலிருந்து அசிட்டிக் அமிலம் வெளிப்படுவதால்தான் புதிதாகப் பூசிய இடத்தில் புளித்த காடியின் நெடி வீசுகிறது. தரமான பசை தன் அகலத்தில் கால்பங்கு அளவுக்கு விரிந்து சுருங்கும். எனவே 1 மில்லிமீட்டர் சந்தில் பூசியது கால் மில்லிமீட்டர் அசைவுக்கே ஈடுகொடுக்கும், 6 மில்லிமீட்டர் சந்தில் பூசியதோ ஒன்றரை மில்லிமீட்டர் வரை தாங்கும். தேர்ந்த தொழிலாளர்கள் தொட்டியை நீரால் நிரப்பி, மூட்டு நன்கு விரிந்திருக்கும் நிலையில் பசையிட்டு, அது முழுவதும் இறுகும்வரை நீரை வெளியேற்றாமல் விடுவது இக்கணக்கு பற்றியே: பின்னர் தொட்டி உயரும்போது பசை அமுங்குமே தவிர, இழுபட்டுக் கிழியாது.

ஆயினும் சிலிக்கோனும் தேய்கிறது, பூஞ்சை பிடிக்கிறது, சில ஆண்டுகளில் விளிம்பு விட்டுக் கிளம்புகிறது. சுவரோடு பொருந்தும் தொட்டிகள் பலவற்றில் விளிம்பை மேல்நோக்கி மடித்து அமைப்பதும், ஓடுகளை அந்த மடிப்புக்கு முன்னால் இறக்கிப் பதிப்பதும், ஓடுகளுக்குப் பின்னால் சுவரில் நீர்புகாப் படலம் பூசுவதும் இதனால்தான். பசையைத் தாண்டிய துளி மடிப்பில் தடைப்பட்டுத் தொட்டிக்கே திரும்புகிறது. 4,000 ஆண்டுகளுக்கு முன்பே செங்கல்லுக்குப் பின்னால் நிலக்கீலைப் பூசியவர்கள் அறிந்திருந்த உண்மையை இன்றைய தொழிலும் ஏற்றுக்கொண்டிருக்கிறது: கண்ணுக்குத் தெரியும் அடைப்பு எவ்வளவு சிறந்ததாயினும் ஒருநாள் தவறும் என்று எண்ணி, அதன் பின்னால் இன்னொன்றை அமைத்துக் கட்டிய மூட்டே நீடிக்கும்.