கொல்லிமலை சிடி ஏன் திறக்கவில்லை?

போன மாதம் சங்க அலுவலக அலமாரியை ஒழித்தபோது ஒரு சிடி கிடைத்தது. மேலே மார்க்கரில் 'கொல்லிமலை டூர் 2006'. பழைய குடியிருப்பாளர்களுக்கு நினைவிருக்கும்: காரவல்லியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள், பாதி வேனுக்கு வாந்தி, ஆகாய கங்கைக்கு ஆயிரம் படிக்கு மேல் இறங்கி ஏறிய முழங்கால் வலி. அறப்பளீஸ்வரர் கோயிலில் எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொண்டோம். அதில் இருந்தவர்களில் நால்வர் இன்று இல்லை. சி பிளாக் மாமி தன் வீட்டுக்காரர் சிரித்தபடி நிற்கும் அந்தப் படத்தை இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சிடியைப் போட்டால் படம் எதுவும் இல்லை. ஒரே ஒரு பெரிய கோப்பு, பெயரின் வால் 'என்ஆர்ஜி'. எதைக் கொண்டும் திறக்கவில்லை. கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தோம். உண்மையில் சிடி நன்றாகவே இருந்தது. அது புரிய, கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும்.

1980இல் பிலிப்ஸும் சோனியும் சிடியை வகுத்தது பாட்டுக்காக மட்டுமே. ஒரு நொடிப் பாட்டு 75 துண்டுகள், ஒவ்வொன்றும் 2352 பைட். பாட்டில் ஒரு பைட் போனால் காது கண்டுகொள்ளாது. கணினித் தகவலில் போனால் கோப்பே போச்சு. அதனால் தகவல் சிடியில் ஒரு துண்டில் 2048 பைட் மட்டுமே நம்முடையது, மிச்சம் பிழை திருத்தத்துக்கும் அடையாளத்துக்கும்.

அந்த 2048 பைட்டுகளில் கோப்புகளை எப்படி அடுக்குவது என்பதில் ஒவ்வொரு நிறுவனமும் ஒரு வழியில் போனது. 1985இல் அமெரிக்காவில் தாஹோ ஏரிக்கரையில் 'ஹை சியரா' என்ற ஹோட்டலில் கூடிப் பேசி ஒரு பொது முறை வகுத்தார்கள். மலைப் படத்தைத் தேடப் போனால் அந்தக் கதையும் ஒரு மலைப்பக்கத்து ஹோட்டலில்தான் தொடங்குகிறது! அதுவே சிறு மாற்றங்களுடன் 1988இல் ஐஎஸ்ஓ 9660 ஆனது. ஒரு தகவல் சிடியை அப்படியே ஒரே கோப்பாக்கினால் அதை 'ஐஎஸ்ஓ இமேஜ்' என்கிறோம்.

அந்த முறையின் அடிப்படை நிலையில் கோப்புப் பெயருக்கு எட்டு எழுத்து, வாலுக்கு மூன்று, அதுவும் ஆங்கிலப் பெரிய எழுத்து மட்டும். தமிழ்ப் பெயர் வைத்தால் அடிக்கோடுகளாக மாறிவிடும். விண்டோஸ் 95 காலத்தில் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ஜோலியட் நீட்டிப்பு 64 யூனிகோட் குறிகளை அனுமதித்தது. ஆனால் நம் கணக்கு வேறு. 'கொல்லிமலை' நமக்கு ஐந்து எழுத்து, அதற்கு ஒன்பது.

இனி நம் சிடியின் வழக்கு. ஐஎஸ்ஓ கோப்பில் ஒரு தகவல் தடம்தான் அடங்கும், பாட்டும் தகவலும் கலந்த சிடி அடங்காது. எனவே சிடி எழுதும் மென்பொருள்கள் ஆளுக்கொரு வடிவம் வைத்துக்கொண்டன. பின்-க்யூ ஜோடியில் 2352 பைட்டும் முழுதாக இருக்கும். நீரோ என்ற ஜெர்மன் மென்பொருளின் வடிவம்தான் என்ஆர்ஜி. ரோம் எரிந்த கதையை வைத்து 'நீரோ பர்னிங் ராம்' என்று பெயர் வைத்த குறும்புக்காரர்கள்! நாம் கொடுத்த கடையில், எல்லோருக்கும் பிரதி போட முதலில் இந்த இமேஜைச் செய்திருக்கிறார்கள். பிறகு யாரோ 'பர்ன் இமேஜ்' கொடுக்காமல் இமேஜ் கோப்பையே சாதாரணக் கோப்பாக சிடியில் ஏற்றிவிட்டார்கள். வீட்டுக்குள் பொருளை வைக்காமல், பூட்டிய பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டுப் போன மாதிரி.

அந்நாளில் இது சகஜம். 2007இல் சென்னை சி-டாக் வெளியிட்ட பாஸ் லினக்ஸின் ஐஎஸ்ஓவை இப்படி எழுதினாலும் கணினி அதிலிருந்து கிளம்பாது. கிளம்புவதற்கான குறிப்பு சிடியில் அதற்குரிய இடத்தில் இருந்தாக வேண்டும்.

வாலை 'ஐஎஸ்ஓ' என்று மாற்றிப் பார்த்தோம், பயனில்லை. ஒற்றைத் தகவல் தடம் உள்ள என்ஆர்ஜியில் பெரும்பாலும் முன்னால் 150 துண்டுகள், அதாவது 3,07,200 பைட், வெறும் இடைவெளி. அதை நீக்கியதும் மிச்சம் ஐஎஸ்ஓதான். சரிபார்க்கவும் வழி உண்டு: ஐஎஸ்ஓவில் முதல் 32,768 பைட்டும் அடுத்த ஒரு பைட்டும் தாண்டினால் ஆங்கிலத்தில் 'சிடி001' என்று இருக்கும். இருந்தது. ஏ பிளாக் கல்லூரி மாணவர் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்.

மொத்தம் 311 படங்கள். கோயில் படத்தைப் பெரிதாக அச்சிட்டு மாமியிடம் கொடுத்தோம். வெகுநேரம் பார்த்துவிட்டு, "அன்னிக்கு இவர் சட்டை பட்டன் அறுந்துபோச்சு, ஊக்குதான் குத்தினேன்" என்றார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஊக்கு தெரிகிறது.

ஞாயிறு காலை 10 முதல் 12 வரை அலுவலகத்தில் டிவிடி டிரைவ் இருக்கும். திறக்காத சிடிக்களைக் கொண்டுவாருங்கள். மேல்பூச்சு உரிந்தவற்றை மட்டும் டிரைவில் போட்டுப் பார்க்காமல், அப்படியே கவரில் வைத்துக் கொண்டுவாருங்கள்.