அக்கா, தங்கை, ஒரு உயில்

2000-ல் வந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படம் என்றதும் பலருக்கும் ரஹ்மானின் பாடல்கள்தான் முதலில் நினைவுக்கு வரும். தபுவும் ஐஸ்வர்யா ராயும் அக்கா தங்கையாக வருவது அடுத்தது. ஆனால் கதையைத் தள்ளிவிடுவது ஒரு உயில். தாத்தா இறந்துபோகிறார், பெட்டியைத் திறந்து பார்த்தால் சொத்து மொத்தமும் மகன் பெயரில் இருக்கிறது. கூடவே இருந்து பார்த்துக்கொண்ட மகளும் பேத்திகளும் செட்டிநாட்டு வீட்டைவிட்டு சென்னைக்கு வந்து சேர்கிறார்கள். தன் விருப்பத்துக்கு மாறாக மகள் கல்யாணம் செய்துகொண்ட கோபத்தில் என்றோ எழுதிவைத்த உயில் அது.

ராஜீவ் மேனன் இந்தக் கதையை எடுத்தது ஜேன் ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நாவலிலிருந்து. 1811 அக்டோபரில் வெளியான நாவல், மூன்று பாகம், விலை 15 ஷில்லிங். தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயர் கிடையாது, 'ஒரு பெண்மணி எழுதியது' என்று மட்டும் போட்டிருந்தது. அச்சுச் செலவில் நஷ்டம் வந்தால் எழுதியவரே ஏற்க வேண்டும் என்ற ஏற்பாட்டில்தான் எகர்ட்டன் என்ற பதிப்பாளர் அதை வெளியிட்டார். நஷ்டம் வரவில்லை. 140 பவுண்ட் லாபம் வந்தது.

காதல் நாவல் என்று நினைத்து இதை எடுப்பவர்கள் முதல் இரண்டு அத்தியாயங்களில் கொஞ்சம் திகைத்துப்போவார்கள். காதலே இல்லை, ஒரே கணக்கு வழக்கு! நோர்லாண்ட் என்ற பெரிய பண்ணையின் கிழவருக்குக் குழந்தைகள் இல்லை. அண்ணன் அல்லது தம்பி மகன் ஹென்றி டாஷ்வுட், மனைவி, மூன்று பெண்களோடு வந்து தங்கி அவரைக் கடைசிவரை பார்த்துக்கொள்கிறார். ஆனால் ஹென்றியின் முதல் தாரத்து மகன் ஜானுக்கு ஒரு சின்னப் பையன் இருக்கிறான். எப்போதாவது வந்துபோகும் அந்தக் குழந்தையின் மழலையில் கிழவர் மயங்கிவிடுகிறார். உயிலில் பண்ணை ஹென்றிக்கு ஆயுள்வரை அனுபவிக்க மட்டும், அதன்பின் ஜானுக்கும் அவன் மகனுக்கும். பெண்களுக்கு ஆளுக்கு 1,000 பவுண்ட்.

ஒரே வருடத்தில் ஹென்றியும் போய்விடுகிறார். அவர் கையில் சொந்தமாக இருந்தது 7,000 பவுண்ட். ஆக நான்கு பெண்களுக்குமாகச் சேர்த்து 10,000, வட்டி வருடத்துக்கு ஏறக்குறைய 500. ஜானுக்கு ஏற்கெனவே நல்ல வருமானம், அதற்கு மேல் பண்ணையிலிருந்து வருடம் 4,000.

சாகும்போது அப்பாவுக்குக் கொடுத்த வாக்குப்படி தங்கைகளுக்கு 3,000 பவுண்ட் தரலாம் என்று ஜான் நினைக்கிறான். அவன் மனைவி ஃபேனி பேச ஆரம்பிக்கிறாள். 3,000 பாதியாகிறது. பிறகு சித்திக்கு மட்டும் வருடம் 100 என்று ஆகிறது. அது வேண்டாம், வருடாந்திரப் பணம் வாங்குகிறவர்கள் சீக்கிரம் சாவதே இல்லை என்கிறாள். சரி, அவ்வப்போது ஐம்பது பவுண்ட் அனுப்பலாம்... கடைசியில் வீடு மாற்ற உதவியும், சீசனுக்கு ஏற்ப கொஞ்சம் மீனும் வேட்டைக் கறியும் போதும் என்று முடிகிறது. கணவனும் மனைவியும் ஒரு வார்த்தைகூடக் கடுமையாகப் பேசிக்கொள்வதில்லை. சொத்துத் தகராறைப் பற்றி இவ்வளவு சிரிக்கவைத்து, இவ்வளவு கோபம் வரவைத்த அத்தியாயம் வேறு நாவலில் இருப்பது சந்தேகம்.

இங்கிலாந்தில் இதற்குப் பின்னால் ஒரு பழைய ஏற்பாடு இருந்தது. உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் நிலம் மூத்த மகனுக்குப் போகும். இந்த வழக்கம் ஒழிந்தது 1925-ல் வந்த சட்டத்தால்தான். மகன் இல்லாமல் மகள்கள் மட்டும் இருந்தால் சமமாகப் பிரிக்கவேண்டும் என்றும் பொதுச்சட்டம் சொன்னது. ஆனால் பண்ணை துண்டாகிவிடக் கூடாது என்று நினைத்த குடும்பங்கள் முன்கூட்டியே பத்திரம் எழுதி, இன்று வைத்திருப்பவருக்கு ஆயுட்கால உரிமை மட்டும் என்று கட்டிப்போட்டுவிடும். அப்பாவே நினைத்தாலும் மகளுக்கு ஒரு காணி எழுதிவைக்க முடியாது. போதாக்குறைக்குக் கல்யாணமான பெண்ணின் கைப்பணம் சட்டப்படி கணவனுடையது. 1870, 1882 ஆண்டுகளின் சட்டங்கள் வரும்வரை இதுதான் நிலை.

தமிழ்நாட்டில் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே சம உரிமை தந்த திருத்தம் 1989-ல் வந்தது, அதற்குமுன் கல்யாணமான பெண்களுக்கு அது பொருந்தாது. நாடு முழுவதற்கும் 2005-ல் வந்தது. ஆனால் தானே சம்பாதித்த சொத்தை ஒருவர் யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். 1811-ன் கதை 2000-ல் தமிழ்ப் படத்தில் உறுத்தாமல் பொருந்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாவலில் ரகசியங்களுக்கும் குறைவில்லை. ஒவ்வொன்றின் அடியிலும் பணம்தான். எட்வர்ட் நான்கு வருடமாக லூசி என்ற பெண்ணுக்கு ரகசியமாக வாக்குக் கொடுத்திருக்கிறான். விஷயம் வெளியே வந்ததும் அம்மா சொத்தைத் தம்பி பெயருக்கு மாற்றிவிடுகிறாள், லூசியும் தம்பியையே கட்டிக்கொள்கிறாள்! கிறிஸ்துமஸ் விருந்தில் இரவு எட்டு மணியிலிருந்து விடிகாலை நாலு மணிவரை உட்காராமல் ஆடினான் என்று புகழப்படும் வில்லோபியும் அப்படித்தான். அவன் ஒரு பெண்ணைக் கெடுத்துக் கைவிட்டது உறவுக்காரக் கிழவிக்குத் தெரிந்ததும் வரவேண்டிய சொத்து கைநழுவுகிறது. உடனே 50,000 பவுண்ட் உள்ள பெண்ணைத் தேடிப்போகிறான். அந்தக் காலத்துக் கிறிஸ்துமஸ் நடனங்கள் வெறும் கொண்டாட்டம் அல்ல, பெண் பார்க்கும் இடமும் அதுதான்.

இதெல்லாம் ஆஸ்டின் வீட்டிலும் நடந்ததா என்றால், பாதி நடந்தது. நாவலின் முதல் வடிவத்தை அவர் எழுதியது 1795 வாக்கில், பாதிரியாரான அப்பா உயிரோடு இருந்தபோது. அப்பா 1805 ஜனவரியில் பாத் நகரில் இறந்தார். அவரோடு அவருடைய வருமானமும் போயிற்று. அம்மாவுக்கும் அக்கா காசாண்ட்ராவுக்கும் சேர்த்து வருடம் 210 பவுண்ட் இருந்தது. காசாண்ட்ராவின் பங்குக்குக் காரணம், அவரை மணக்கவிருந்தவர் 1797-ல் மேற்கிந்தியத் தீவுகளில் காய்ச்சலில் இறந்தபோது விட்டுப்போன 1,000 பவுண்ட். ஜேனுக்குத் தனியாக எதுவும் இல்லை. சகோதரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் குடும்பம் நடந்தது.

அண்ணன் எட்வர்ட் சிறுவயதிலேயே குழந்தையில்லாத பணக்கார உறவினர் வீட்டுக்குத் தத்துப்போனவர். இரண்டு மாவட்டங்களில் பெரிய பண்ணைகள் அவருக்கு. அவர் கெட்டவர் அல்ல, ஃபேனி போன்றவர் நிச்சயமாக இல்லை. ஆனாலும் சாட்டன் கிராமத்தில் ஒரு வீடு அம்மாவுக்கும் தங்கைகளுக்கும் கிடைக்க 1809 ஆகிவிட்டது. அதுவரை வாடகை வீடுகளும் சொந்தக்காரர் வீடுகளும்தான். சாட்டனுக்கு வந்து இரண்டே வருடத்தில் நாவல் அச்சேறியது.

1817 மார்ச்சில் அம்மாவின் பணக்கார அண்ணன் இறந்தார். அவருக்குக் குழந்தைகள் இல்லாததால் குடும்பமே நம்பியிருந்தது. உயிலில் எல்லாம் மனைவிக்கு. தங்கை பிள்ளைகளுக்கு ஆளுக்கு 1,000 பவுண்ட், அதுவும் அந்த அம்மாள் காலத்துக்குப் பிறகு. ஏற்கெனவே நோயில் இருந்த ஜேனுக்கு இந்த அதிர்ச்சியில் உடம்பு மோசமானது. அடுத்த மாதம் தன் உயிலைத் தானே எழுதினார். இரண்டு 50 பவுண்ட் போக மிச்சமெல்லாம் காசாண்ட்ராவுக்கு. சாட்சிக் கையெழுத்து வாங்காததால், ஜூலையில் அவர் இறந்தபின், கையெழுத்து அவருடையதுதான் என்று தெரிந்தவர்கள் இருவர் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது.

சொத்தோடு கடிதங்களும் அக்காவிடம் வந்தன. காசாண்ட்ரா தன் கடைசிக் காலத்தில் அவற்றில் பெரும்பாலானவற்றை எரித்துவிட்டார். இன்று கிடைப்பவை சுமார் 160. அவற்றிலும் சில இடங்களில் வரிகளைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்திருக்கிறார்.