மேலே மேகம், கீழே 50 சென்டிமீட்டர்

2024 டிசம்பர் 2-ஆம் தேதி ஊத்தங்கரையில சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் வெள்ளத்துல அடிச்சுட்டுப் போன வீடியோவைப் பாத்திருப்பீங்க. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது நவம்பர் 30 ராத்திரி, புதுச்சேரி பக்கம். கடலை விட்டு இவ்வளவு தூரத்துல இருக்கிற ஊர்ல, ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் மழை. 'மேலே செயற்கைக்கோள் இருந்துச்சே, அதுக்குத் தெரியலையா?'ன்னு கேட்கத் தோணும்.

அதுக்கு 1959-க்குப் போகணும். எக்ஸ்ப்ளோரர் 7 செயற்கைக்கோள்ல, அமெரிக்க விஞ்ஞானி வெர்னர் சுவோமி ஒரு கதிர்வீச்சுமானியை அனுப்பினார். பூமிக்கு வரும் வெயில் எவ்வளவு, பூமி வெளியே விடும் வெப்பம் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பதுதான் நோக்கம். அந்தக் கணக்கை மேகம் பெரிய அளவில் மாற்றுவது அதில் தெரிந்தது.

நமக்கு 1983-ல் இன்சாட்-1பி வந்தது. மேகம் திருப்பியனுப்பும் வெளிச்சத்தைப் பகலிலும், அது விடும் அகச்சிவப்புக் கதிரை இரவு பகலாகவும் அளந்தது. உயரமான மேகத்தின் உச்சி குளிர்ந்திருக்கும். அதிலிருந்து வரும் கதிர் குறைவு. உயரத்தைக் கணிப்பது அப்படித்தான். 2002-ல் கல்பனா-1, பிறகு இன்சாட்-3டி வரிசை.

ஆனா அகச்சிவப்புல தெரியறது மேகத்தோட கூரைதான். கூரை அவ்வளவா குளிராமலே கீழே கொட்டித் தீர்க்கிற மேகமும் உண்டு. அங்கே கணிப்பு குறைஞ்சு போகும். ஊத்தங்கரையோட அந்த 50-ஐ அளந்து சொன்னது, தரையில இருந்த மழைமானி. 36,000 கிலோமீட்டர் உயரத்துக் கருவிக்கும் அந்தச் சின்னக் கருவியோட துணை வேணும்.