மாட்டுப் பல்லில் மேய்ச்சல் தடம்

பொம்மிடி அடங்கிய பழைய தகடூர் வட்டாரத்தில் மாடே செல்வம். தருமபுரி, செங்கம் பகுதிகளில் கிடைத்த பல்லவர் கால நடுகற்களில் பல, தொறு எனப்பட்ட மாட்டு மந்தையைக் கவர்ந்தபோதோ மீட்டபோதோ பட்ட வீரர்களுக்கு நடப்பட்டவை. மன்னனின் ஆட்சியாண்டும் வீரனின் பெயரும் அவற்றில் உண்டு. அந்த மாடுகள் எங்கே பிறந்து எங்கே மேய்ந்தன என்பது இல்லை. அகழாய்வில் கிடைக்கும் மாட்டுப் பல்லில் அதற்கான தடயம் இருக்கலாம்.

பாறையிலுள்ள ருபீடியம்-87 மிக மெதுவாகச் சிதைந்து ஸ்ட்ரான்சியம்-87 ஆகிறது. பாதியளவு சிதையவே ஏறத்தாழ 4,900 கோடி ஆண்டுகள் ஆகும். பாறையின் வயதையும் அதிலிருந்த ருபீடியத்தின் அளவையும் பொறுத்து, ஸ்ட்ரான்சியம்-87, 86 ஐசோடோப்புகளின் விகிதம் இடத்துக்கு இடம் மாறும். மண்ணிலிருந்து புல்லுக்கும் புல்லிலிருந்து மாட்டுக்கும் போகும் ஸ்ட்ரான்சியம், பல்லில் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. எலும்பு வாழ்நாளெல்லாம் புதுப்பிக்கப்படுவது. புதைந்தபின் மண்ணின் தாதுக்களையும் ஏற்பது. பல்லின் மேலுறையான எனாமல் இறுகியபின் பெரிதும் மாறாது. மாட்டின் கடைசிக் கடைவாய்ப் பல்லில் எனாமல் உருவாக ஓராண்டுக்கு மேல் ஆவதால், நுனியிலிருந்து வேர்வரை வரிவரியாகச் சுரண்டி எடுத்த பொடியில் அந்தக் காலத்து மேய்ச்சல் வரிசையாகத் தெரியும். ஆக்சிஜன் ஐசோடோப்பு பருவகாலத்தைக் காட்டும். கார்பன் ஐசோடோப்பு, தின்றது கேழ்வரகுத் தட்டும் வெப்பநிலப் புல்லுமா, வைக்கோலும் மரத்தழையுமா என்று பிரித்துக் காட்டும்.

1999-இல் வெளியான ஆய்வொன்று, அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் வாழ்ந்த மாஸ்டொடான்கள் நெடுந்தொலைவு இடம்பெயர்ந்தன, மாமத்துகள் அப்படிச் செல்லவில்லை என்று இம்முறையால் காட்டியது. இந்தியாவில் குறிப்பிடத்தக்க முயற்சி, குஜராத்தின் பகசரா என்ற சிந்துவெளிக் காலக் கோட்டையூரில் நடந்தது. பிராட் சேஸ், பி. அஜித்பிரசாத் குழுவினர் 2014-இல் வெளியிட்ட முடிவின்படி, அங்கே உண்ணப்பட்ட கால்நடைகளில் பெரும்பாலானவை சுற்றுவட்டாரத்திலேயே வளர்ந்தவை.

பொம்மிடிப் பக்கம் இந்த ஆய்வுக்குத் தோதான நிலம்தான். தெற்கே சேர்வராயன் மலை சார்னோகைட் பாறையால் ஆனது. அதில் ருபீடியம் பொதுவாகக் குறைவு. மலையில் மேய்ந்த மாட்டையும் சமவெளி மாட்டையும் பிரித்தறிய இது உதவக்கூடும். அதற்கு முதலில் ஊர் ஊராகச் செடிகளையும் நத்தை ஓடுகளையும் திரட்டி விகித வரைபடம் வரைய வேண்டும். கடைத் தவிடும் புண்ணாக்கும் தின்னும் இன்றைய கறவை மாடு இதற்கு ஆகாது.

எல்லைகளும் உண்டு. ஒரே வகைப் பாறையுள்ள இரு ஊர்கள் ஒரே எண்ணைத் தரலாம். ஆகவே "இந்த ஊர் மாடு" என்பதைவிட "இந்த ஊர் மாடு அல்ல" என்பதையே உறுதியாகச் சொல்ல முடியும். நான்கு வயதில் கவர்ந்து வரப்பட்ட பசுவின் பல், அது கன்றாகத் திரிந்த நிலத்தையே காட்டும். அப்பசு தொறுப் பூசலில் வந்ததா, விலைக்கு வாங்கியதா, சீர்வரிசையாகக் கிடைத்ததா என்பது பல்லில் பதிவதில்லை.