டெங்கில்

டெங்கில், மலேசியாவின் சிலாங்கூர் மாநிலம், சிப்பாங் மாவட்டத்தில் லங்காட் ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர். நுவாங் மலையில் பிறக்கும் லங்காட், காஜாங், பாங்கி வழியே இறங்கி, டெங்கிலைத் தொட்டு மலாக்கா நீரிணையில் கலக்கிறது. புத்ராஜெயா, சைபர்ஜெயா, 1998இல் திறக்கப்பட்ட கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையம் மூன்றும் பக்கத்திலேயே இருப்பதால், பலருக்கு இது கடந்துபோகும் ஊர். ஆனால் டெங்கிலின் வரலாறு மண்ணில் கிடக்கிறது.

இந்த மண்ணின் மூத்த குடிகள் தெமுவான் பூர்வகுடியினர். அவர்கள் வாழும் புக்கிட் தம்போய் கிராமத்தில், விமான நிலையத்துக்கான நெடுஞ்சாலைக்காக 1995இல் 38 ஏக்கர் எடுக்கப்பட்டது. மரத்துக்கும் பயிருக்கும் வீட்டுக்கும் மட்டுமே இழப்பீடு கிடைத்தது, நிலத்துக்கு இல்லை. சாகோங் தாசி உள்ளிட்டோர் வழக்குத் தொடுத்தனர். பரம்பரையாக வாழும் நிலத்தின்மீது அவர்களுக்கு உடைமை உரிமை உண்டு என 2002இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நாட்டின் பூர்வகுடிகள் அனைவருக்கும் வழிகாட்டியான தீர்ப்பு இது. டெங்கிலின் மரபுச் சின்னங்களைப் பட்டியலிட்டால், புக்கிட் தம்போய்க்கே முதலிடம் தரவேண்டும்.

லங்காட் சமவெளியில் ஈயம் தோண்டியவை ஈயக்கப்பல்கள். தாம் வெட்டிய குளத்திலேயே மிதந்தபடி, வாளிச் சங்கிலியால் மண்ணை அள்ளி, அலசி, மணலைப் பின்னால் கொட்டிக்கொண்டே நகரும். 1985இல் ஈய விலை சரிந்தபின் தொழில் ஓய்ந்தது, குளங்கள் எஞ்சின. அப்படி எஞ்சிய குட்டைகளும் அவற்றை ஒட்டிய சதுப்புமே இன்றைய பாயா இண்டா ஈரநிலம். பெயருக்குப் பொருள் ‘அழகிய சதுப்பு’. பரப்பு ஏறத்தாழ 3,000 ஹெக்டேர். விடியலில் போனால் நீலத் தாழைக்கோழியைப் பார்க்கலாம்: ஊதா உடல், சிவந்த அலகு, நீண்ட விரல்களை அகல விரித்து மிதக்கும் இலைமேல் அடி வைக்கும் நடை. மனிதன் குடைந்த பள்ளத்தைப் பறவை தனதாக்கிக்கொண்டது.

தமிழருக்கு டெங்கிலோடு உள்ள உறவு ரப்பரால் வந்தது. முதல் உலகப்போரில் பங்கேற்ற பிரிட்டிஷ் வீரர்கள் 1921இல் காடழித்து ஒரு தோட்டம் அமைத்து, ‘பெரும்போர்’ எனப் பொருள்படும் பிராங் பெசார் என்ற பெயரை வைத்தனர். அங்கே உருவான ஒட்டுரகங்கள் அப்பெயரின் முதலெழுத்துகளையே தாங்கின. பி.பி. 86 கடல்கடந்து இந்தியத் தோட்டங்களிலும் நடப்பட்டது. இருட்டு விலகுமுன் பெரட்டில் (ஆள்கணக்கெடுப்பில்) நின்று, பால்கத்தியோடு மரநிரைக்குப் போன தமிழ்த் தொழிலாளர் தலைமுறைகளின் உழைப்பு அந்த இரண்டெழுத்துக்குள் இருக்கிறது. பெயர்ப்பலகை எதிலும் அது எழுதப்படவில்லை.

1990களில் அத்தோட்டத்தில் நாட்டின் நிர்வாகத் தலைநகராகப் புத்ராஜெயா எழுந்தது. பிராங் பெசார், காலவே, செட்ஜ்லி, மெடிங்லி தோட்டங்களின் குடும்பங்கள் லயத்து வீட்டையும், வாசலில் நட்ட முருங்கையையும் விட்டு, டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தன. அந்தச் சுவர்களில் விரிசல் கண்டதால், தரைவீடு கேட்டு அவர்கள் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.